எழுதினால் இறங்கும் மனச்சுமை

வயதானால் உடல் தளர்கிறது. மனம் ஓய்வதில்லை. மகன் வெளியூரில் இருக்கிறான். துணைவி மறைந்துவிட்டாள். இரவில் தூக்கம் வருவதில்லை. இதை யாரிடம் சொல்வது?

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு பகுதிகளில் தோல் பதனிடும் தொழிற்சாலைகளில் உழைத்து ஓய்ந்த பெரியவர்களிலும் இப்படி மனதுக்குள் புழுங்குவோர் உண்டு. அவர்களுக்கு ஓர் எளிய வழி இருக்கிறது. அதுதான் எழுதுவது.

சிறையில் டைரி

1921-ம் ஆண்டு டிசம்பர் மாதம். ஒத்துழையாமை இயக்கத்தில் ஈடுபட்ட ராஜாஜி, வேலூர் சிறையில் அடைக்கப்பட்டார். அப்போது அவருக்கு வயது 43. மனைவியை இழந்தவர். ஆஸ்துமா தொல்லை வேறு.

சிறையில் அவர் டைரி எழுதினார். உடல்நிலையை எழுதினார். சுயராஜ்யம் வந்த பிறகும் நாட்டில் என்னென்ன கேடுகள் நேருமோ என்ற கவலையையும் மறைக்காமல் எழுதினார். அது பின்னர் புத்தகமாக வெளிவந்தது.

சிறையில் இருப்பவரைப் போலவே, முதுமையில் தனித்திருப்பவருக்கும் மனம்விட்டுப் பேச ஆள் கிடைப்பதில்லை. அங்கே காகிதம் துணையாகிறது.

மாணவர்களிடம் சோதனை

அமெரிக்க உளவியல் அறிஞர் ஜேம்ஸ் பென்னிபேக்கர், கல்லூரி மாணவர்களிடம் ஒரு சோதனை நடத்தினார். அதன் முடிவு 1986-ல் வெளியானது.

மாணவர்கள் தினம் 15 நிமிடம் வீதம் 4 நாட்கள் எழுதினார்கள். துயரத்தை எழுதியவர்களுக்கு முதலில் வருத்தம் கூடியது. ஆனால் நடந்ததோடு, மனம் பட்ட பாட்டையும் சேர்த்து எழுதியவர்கள், அடுத்து வந்த மாதங்களில் டாக்டரிடம் போனது குறைந்தது.

பிறகு முதியவர்களிடமும் சோதனைகள் நடந்தன. எல்லோருக்கும் ஒரே அளவு பலன் கிடைப்பதில்லை. ஆனால் செலவில்லாத வழி.

எப்படி எழுதுவது?

ஒரு நோட்டு, ஒரு பேனா போதும். தமிழோ, உருதுவோ, பேசுகிற பாஷையிலேயே எழுதலாம். எழுத்துப் பிழை பற்றிக் கவலை வேண்டாம்.

"மகன் வரவில்லை" என்று எழுதினால் மட்டும் போதாது. "அதனால் எனக்குக் கோபம். கோபத்தைவிட பயம்" என்பதையும் எழுத வேண்டும். எழுதியதைக் கிழித்தும் போடலாம்.

எழுத எழுத துயரம் தாங்க முடியாவிட்டால் நிறுத்திவிட வேண்டும். பல நாட்கள் பசியும் தூக்கமும் இல்லாவிட்டால் டாக்டரைப் பார்ப்பதே சரி. வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மருத்துவமனை இருக்கிறது.

வீட்டாருக்கு

தாத்தாவின் நோட்டைத் திறந்து படிக்காதீர்கள். "இந்த வயதில் என்ன எழுத்து?" என்றும் கேட்காதீர்கள். மை தீர்ந்தால் புதுப் பேனா வாங்கிக் கொடுங்கள்.