வெயிலுக்கும் ஒத்திகை வேண்டும்!

சித்திரை மாதத்து உச்சி வேளையில் திருக்கோவிலூருக்குப் போயிருக்கிறீர்களா? உலகளந்த பெருமாளைச் சேவிக்கச் சென்னையிலிருந்து காரில் வந்து இறங்குகிறீர்கள் என்று வைத்துக் கொள்வோம். கோபுர வாசலை நெருங்குவதற்குள் மார்பு படபடக்கிறது, தலை கிறுகிறுக்கிறது, கண்கள் நிழலைத் தேடுகின்றன. அதே நேரத்தில் தென்பெண்ணைக் கரையோரத்துக் கரும்புக் கொல்லையில், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஒருத்தி களை வெட்டிக் கொண்டிருக்கிறாள்.

வெயில் இருவருக்கும் ஒன்றுதான். ஆனால் அவளுடைய தேகம் அதனோடு பழகியிருக்கிறது, உங்களுடையது பழகவில்லை.

"இது தெரிந்த விஷயந்தானே?" என்பீர்கள். இந்தத் தெரிந்த விஷயத்தைத்தான் உலகத்தின் பெரிய ஓட்டக்காரர்கள் இன்று ஆசிரியர் வைத்துக்கொண்டு பாடம் கேட்கிறார்கள்! உஷ்ணப் பிரதேசத்தில் போட்டி என்றால், அதற்கு முன் 10 முதல் 14 நாட்கள், தினமும் ஒரு மணி அல்லது ஒன்றரை மணி நேரம் வெப்பத்திலேயே பயிற்சி. குளிர் நாட்டவர்கள் அறையைச் சூடாக்கி அதற்குள் ஓடுகிறார்கள். ஓடி முடித்ததும் வெந்நீர்த் தொட்டியில் உட்காருகிறவர்களும் உண்டு. உடம்பின் சூடு, ஜுரம் கண்டாற்போல் 101 டிகிரி பாரன்ஹீட் வரை ஏற வேண்டும் என்பது கணக்கு.

எதற்கு இந்தத் தண்டனை? ஓடும்போது நம் உடம்பு செலவழிக்கும் சக்தியில் ஏறக்குறைய கால் பங்குதான் ஓட்டமாகிறது. மீதி முக்கால் பங்கும் சூடாகி விடுகிறது. அந்தச் சூட்டை வெளியேற்ற இயற்கை தந்த வழி வியர்வை. மண்பானை கசிந்து கசிந்து உள்ளேயுள்ள தண்ணீரைக் குளிர வைக்கிறதல்லவா? அதே வித்தைதான். வெயிலில் பழகப் பழக, முதல் நாலைந்து நாட்களில் இரத்தத்தின் நீர்ப்பகுதி அதிகமாகிறது. இதயம் நிதானமாகத் துடிக்கிறது. பிறகு வியர்வை சீக்கிரமே சுரக்கிறது, நிறையவும் சுரக்கிறது. அதோடு வெளியேறும் உப்போ குறைகிறது. நம் சரீரம் எவ்வளவு கெட்டிக்காரக் குடித்தனக்காரி, பார்த்தீர்களா!

ஆனால் அந்தக் கெட்டிக்காரியையும் திணற அடிக்கும் எதிரி ஒன்று உண்டு. காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை உலராமல் வழிந்து வீணாகிறது. கொடியில் போட்ட துணி காயாத நாளில் உடம்பு மட்டும் எப்படிக் காயும்? 2019 செப்டம்பரில் தோஹா நகரில் நடந்த உலகப் போட்டியில், பெண்கள் மாரத்தானை நள்ளிரவில்தான் தொடங்கினார்கள். அப்போதும் வெப்பம் 30 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல். காற்றிலோ தாங்க முடியாத ஈரம். புறப்பட்ட 68 பேரில் முடித்தவர்கள் 40 பேரே! 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில், வெப்பத்துக்குப் பயந்து மாரத்தானையே வடக்கே ஸப்போரோவுக்கு மாற்றி விட்டார்கள்.

"நாம் வெயிலிலேயே பிறந்தவர்கள், நமக்கென்ன?" என்று நினைத்து விடாதீர்கள். நம் நாட்டு ஓ. பி. ஜெய்ஷா, 2015-இல் பெய்ஜிங்கில் மாரத்தானை 2 மணி 34 நிமிஷம் 43 விநாடியில் ஓடித் தேசிய சாதனை படைத்தவர். மறு வருஷம் ஆகஸ்டில் ரியோ ஒலிம்பிக்கில், வெயிலில் ஓடி 89-வதாக வந்து, எல்லைக் கோட்டைத் தாண்டியதும் மயங்கி விழுந்தார். வழியில் அவருக்குப் பானம் கொடுக்கப்பட்டதா இல்லையா என்று பின்னால் பெரிய வாதமே நடந்தது. அந்த வழக்கை நாம் விசாரிக்க வேண்டாம். சாதனை வீராங்கனையையும் வெயில் சாய்த்து விடும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக் கொள்வோம்.

இன்னொன்று. வெயிலோடு கொண்ட உறவு நீடித்த உறவல்ல; விட்டால் சில வாரங்களில் மறந்து போகும். நம் நெடுந்தூர ஓட்டக்காரர்கள் உதகமண்டலத்துக் குளிரில் முகாம் போட்டுப் பயில்வதுண்டு. அங்கிருந்து இறங்கினால் உஷ்ணப் பாடத்தைத் திரும்பவும் ஆரம்பத்திலிருந்து படிக்க வேண்டியதுதான். கல்வராயன் மலையிலிருந்து போட்டிக்காகக் கீழே இறங்கி வரும் மலைக் குழந்தைக்கும் இதே கதிதான். கோடை விடுமுறையெல்லாம் மின்விசிறியடியில் இருந்துவிட்டு, பள்ளி திறந்ததும் மைதானத்தில் இறங்கும் உங்கள் வீட்டுப் பெண்ணுக்கும் அப்படியே.

ஆகையால், அவள் ஓட்டப் பந்தயத்தில் சேர்ந்திருந்தால், தாயாராகிய நீங்கள் செய்ய வேண்டியது இது. முதல் நாள் கால் மணி நேர இலேசான ஓட்டம் போதும். நாளுக்கு நாள் கொஞ்சம் கூட்டி, இரண்டு வாரத்தில் முழுப் பயிற்சிக்கு வரட்டும். கத்திரி வெயிலின் உச்சி வேளை மட்டும் குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம். பழகிய உடம்புக்குத் தண்ணீர் குறைவாகப் போதும் என்பது தப்பு. வியர்வை அதிகமாவதால் தண்ணீரும் அதிகமாகவே வேண்டும். "ஓடும்போது தண்ணீர் குடிக்காதே" என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக் கொள்ளாதீர்கள். உப்புப் போட்ட நீர்மோர் ஒரு பாத்திரம் கூடவே போகட்டும். ஜுரமோ வயிற்றுப்போக்கோ வந்து எழுந்தவளை உடனே ஓட விடாதீர்கள்.

ஓடுகிறவள் தள்ளாடினாலோ, சம்பந்தமில்லாமல் பேசினாலோ, காரணமின்றிச் சீறினாலோ, அது களைப்பு என்று விட்டு விடக் கூடாது. உள்சூடு 104 டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டியிருக்கலாம், உயிருக்கே ஆபத்து. உடம்பு வியர்த்திருக்கிறதே என்று ஏமாந்தும் போகாதீர்கள். ஓடுகிறவர்களுக்கு அந்த நிலையிலும் வியர்க்கும். ஒருவர் 108-க்குத் தகவல் சொல்லட்டும். மற்றவர்கள் வண்டி வரும் வரை காத்திராமல் நிழலில் கிடத்தி, குடம் குடமாகக் குளிர்ந்த நீரை உடம்பெங்கும் கொட்டி விசிறுங்கள். தொட்டி இருந்தால், தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு கழுத்தளவு நீரில் அமர்த்துங்கள். நினைவு தப்பியவள் வாயில் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள். முதலில் குளிர்ச்சி, அப்புறந்தான் பயணம்.

திருக்கோவிலூர்ப் பெருமாள் மூன்றே அடியில் உலகத்தை அளந்தார். நம் வீட்டுக் குழந்தைகள் மைதானத்தை நாளுக்கு ஓர் அடியாக அளக்கட்டும். பதினான்கு நாள் பொறுப்பது பெரிய காரியமா என்ன?