வருவார் என்று காத்திருப்பவர்கள்

(நமது செகந்திராபாத் நிருபர்)

சென்னையிலிருந்து செகந்திராபாத்துக்கு ரயிலில் வருகிறவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள். தண்டவாளத்தை ஒட்டிய சுவர்களிலும் பாறைகளிலும் வெள்ளை எழுத்தில், 'இயேசு சீக்கிரம் வருகிறார்' என்று எழுதியிருக்கும். கும்மிடிப்பூண்டி தாண்டினால் அதுவே தெலுங்கில் இருக்கும்.

இதை யாரோ சில பிரசங்கிமார்களின் பேச்சு என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படி அல்ல. உயிர்த்தெழுந்து விண்ணுக்குச் சென்ற கிறிஸ்து மீண்டும் வருவார், இறந்தவர்கள் எழுவார்கள், நியாயத்தீர்ப்பு நடக்கும் என்பது கத்தோலிக்கர், சி.எஸ்.ஐ., லுத்தரன், பெந்தெகொஸ்தே என்ற வேறுபாடின்றி எல்லாருக்கும் பொதுவான விசுவாசம். கிறிஸ்துமசுக்கு முந்திய நான்கு ஞாயிற்றுக்கிழமைகளையும் பழைய சபைகள் இதற்காகவே ஒதுக்கி வைத்திருக்கின்றன. அந்த நாட்களில் பலிபீடத்தில் ஊதாத் துணி விரித்திருப்பதைப் பார்க்கலாம். நம்மவர்களுக்கோ அது கேக் செய்வதற்கும், வீட்டில் நட்சத்திரம் கட்டுவதற்கும், ஊருக்கு டிக்கெட் எடுப்பதற்கும் உள்ள மாதம்!

சில ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் அலுவலகத்தில் ஒரு தமிழர் விருப்ப ஓய்வுக்கு மனு எழுதிவிட்டார். வயது ஐம்பது கூட ஆகவில்லை. கல்லூரியில் படிக்கும் மகள் இருக்கிறாள். வெளியூரிலிருந்து வந்த ஒரு பிரசங்கியார், முடிவு நெருங்கிவிட்டது என்று கணக்குப் போட்டுச் சொன்னாராம். மனுவை மேலதிகாரியிடம் கொடுப்பதற்கு முன், தமது சபை மூப்பரிடம் காட்டியிருக்கிறார். மூப்பர் நாசரேத் பக்கத்துக்காரர். அவரும் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர்தான்.

"அண்ணாச்சி, கர்த்தர் வரப்போறார். இனி எதுக்கு இந்தச் சம்பளம்?" என்று இவர் கேட்டார்.

"வரட்டும் தம்பி. வந்து, நான் கொடுத்த வேலை எங்கேன்னு கேட்டா, விருப்ப ஓய்வு வாங்கிட்டேன்னு சொல்லுவியா? மகளுக்கு இந்த வருசம் பீஸ் கட்டிட்டியா?" என்று திருப்பிக் கேட்டாராம் மூப்பர்.

மனு கிழிந்தது. மகள் படிப்பை முடித்துவிட்டாள்.

மூப்பர் சொன்னது புதிதல்ல. ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு தெசலோனிக்கே பட்டணத்திலும் இதே தொல்லை இருந்தது. கிறிஸ்து வரப்போகிறார் என்று சிலர் வேலையை விட்டுவிட்டு, அடுத்தவர் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டு திரிந்தார்கள். கூடாரம் செய்து பிழைத்தவரான பவுல், ஒழுங்காக உழைத்துத் தங்கள் சாப்பாட்டைச் சாப்பிடும்படி அவர்களுக்குக் கண்டிப்பாகக் கடிதம் எழுதினார்.

தேதி குறித்தவர்கள்

அந்த நாளும் நாழிகையும் தேவதூதருக்குக்கூடத் தெரியாது என்பது கிறிஸ்துவே சொன்னது. இருந்தும் தேதி குறித்தவர்கள் குறைவில்லை.

அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்ற விவசாயியின் போதனையைக் கேட்டு, ஆயிரக்கணக்கானோர் 1844 அக்டோபர் 22-ம் தேதியை எதிர்பார்த்திருந்தார்கள். விளைந்த பயிரை அறுக்காமலே விட்டவர்களும் உண்டு. அன்று இரவு எதுவும் நடக்கவில்லை. தென் கொரியாவில் ஒரு சபை 1992 அக்டோபர் 28 என்று நாள் குறித்தது. அடியார்கள் வேலையை விட்டார்கள், வீட்டை விற்றார்கள். சபைத் தலைவரைப் போலீசார் கைது செய்தபோது, அவர் வாங்கி வைத்திருந்த கடன் பத்திரங்கள் 1993-ல்தான் முதிர்வு அடைவதாகத் தெரியவந்தது! உலகம் முடிந்த பிறகு வட்டியை எங்கே போய் வாங்குவார்?

நமக்கு அருகிலும் இது நடந்திருக்கிறது. திருவிதாங்கூரில் யுஸ்துஸ் ஜோசப் என்ற போதகர் இருந்தார். தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் 1835-ல் பிறந்து, 1861-ல் குடும்பத்தோடு கிறிஸ்தவரானவர். 'வித்வான் குட்டி' என்றால் எல்லாருக்கும் தெரியும். சங்கீதத்தில் தேர்ந்தவர். 1870-களில் அங்கே பெரிய எழுப்புதல் உண்டானபோது, ஆறு ஆண்டுகளில், அதாவது 1881-ல், கிறிஸ்து வருவார் என்று அறிவித்தார். நம்பியவர்கள் சி.எம்.எஸ். சபையை விட்டுப் பிரிந்து அவர் பின்னே போனார்கள். 1881 வந்தது, போனது. அவர் 'யுயோமயம்' என்று தனிச்சபை கண்டு, 1887-ல் காலமானார். அந்தக் கூட்டம் சிறுத்துவிட்டது. ஆனால் அவர் இயற்றிய மலையாளப் பாடல்களைக் கேரள சபைகளில் இன்றும் உருகிப் பாடுகிறார்கள். தேதி பொய்த்தது, பாட்டு நிலைத்தது. அவரைப் போலி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எபிரோனில்

தேதி குறிக்காமல் காத்திருந்தவர்களைப் பார்க்க வேண்டுமானால், ஐதராபாத் கோல்கொண்டா கிராஸ் ரோட்சில் உள்ள 'எபிரோன்' சபைக்குப் போகலாம். (ஆட்டோக்காரரிடம் 'கோல்கொண்டா' என்று மட்டும் சொன்னால், கோட்டைக்குக் கொண்டுபோய் விடுவார். அது வேறு திசை.) இதை நடத்திவந்தவர் பக்த் சிங். பஞ்சாபில் சீக்கியக் குடும்பத்தில் 1903-ல் பிறந்து, இங்கிலாந்திலும் கனடாவிலும் பொறியியல் படிக்கப் போன இடத்தில் கிறிஸ்தவரானவர். 1933-ல் பம்பாய் வந்து இறங்கினார். நம்மவர்களுக்கு அவரோடு தனி உறவு உண்டு. பல்லாவரம் மலையில் இரவு முழுவதும் ஜெபித்துவிட்டு, 1941-ல் அவர் முதன்முதலில் சபை தொடங்கியது சென்னையில்தான். ஐதராபாத் அதற்குப் பிறகுதான்.

எபிரோனில் நாற்காலி வரிசை கிடையாது. செருப்பை வெளியே விட்டுவிட்டு எல்லாரும் பாயில் உட்கார வேண்டும். ஆண்டுக் கூட்டத்துக்குப் பந்தல் போடுவார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் தங்கி, ஒரே பந்தியில் அமர்ந்து சாப்பிடுவார்கள். அதிகாரிக்குத் தனி இடம், பியூனுக்குத் தனி இடம் என்பது இல்லை. ஞாயிறுதோறும் அப்பம் பிட்பார்கள். அவர் திரும்பி வரும்வரை இதைச் செய்ய வேண்டும் என்பது கட்டளை. ஆகவே அந்தச் சிறு துண்டு அப்பத்திலேயே காத்திருப்பு அடங்கியிருக்கிறது.

பக்த் சிங் கடைசியில் பல ஆண்டுகள் பார்க்கின்சன் நோயில் படுத்திருந்தார். 2000 செப்டம்பர் 17-ம் தேதி காலமானார். நாராயண்குடா கல்லறைத் தோட்டத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். பெருங்கூட்டம் கூடியது.

எந்த மண் ஆனால் என்ன?

மதராஸ் ராணுவப் பட்டாளத்தோடு வந்தவர்கள், நிஜாம் ரயில்வேக்கு வந்தவர்கள், பின்னால் குமாஸ்தாவாகவும் நர்சாகவும் வந்தவர்கள் என்று எத்தனையோ தமிழர்கள் இந்த இரட்டை நகரங்களின் கல்லறைகளில் கிடக்கிறார்கள். ஊரை விட்டு வந்த நமக்கெல்லாம் உள்ளே ஒரு பயம் உண்டு. சாவு இங்கே வந்தால், சொந்த மண் கிடைக்காதே என்பதுதான் அது.

போய்குடா கல்லறையில் கணவரை அடக்கம் செய்த ஒரு நாகர்கோவில் அம்மாவிடம், உடலை ஊருக்குக் கொண்டுபோயிருக்கலாமே என்று உறவினர்கள் குறைப்பட்டார்களாம். "எக்காளம் ஊதும்போது நாகர்கோவில்ல கிடந்தாலும் எழும்பணும், இங்க கிடந்தாலும் எழும்பணும். பிள்ளைகள் இங்கதான இருக்கு. ஞாயித்துக்கிழமை வந்து பூப்போட வசதி" என்றாராம் அந்த அம்மா.

கால்கள் கிழக்கு நோக்கி இருக்கும்படி அடக்கம் செய்வது கிறிஸ்தவர்களின் பழைய வழக்கம். கிறிஸ்து கிழக்கிலிருந்து வருவார், எழும்போதே அவரைப் பார்க்கலாம் என்பது அவர்கள் எண்ணம்.

ஈஸ்டர் அன்று பொழுது விடியும் முன்பே நாராயண்குடாவிலும் போய்குடாவிலும் குடும்பம் குடும்பமாக வந்து, கல்லறைகளில் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். தமிழும் தெலுங்கும் ஆங்கிலமும் கலந்து பாட்டுக் கேட்கும். ரயில்வேக்காரர்களுக்கு ஈஸ்டர் அன்றும் ஷிப்ட் உண்டு. காலை ஆறு மணி டியூட்டிக்காரர்கள், மெழுகுவர்த்தியைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு, செகந்திராபாத் ஸ்டேஷனை நோக்கி நடப்பார்கள்.