டாக்டருக்கு ஆசிரியர் எழுதும் கடிதம்: ஏ.டி.எச்.டி. பற்றித் தெரிந்துகொள்வோம்

ஆசிரியர்களே, வகுப்பில் ஐந்து நிமிடம்கூட உட்காராத பையன், கிளினிக்கில் டாக்டர் முன்னால் சாதுவாக உட்கார்ந்திருப்பான். புது இடம், புது ஆள். ஏ.டி.எச்.டி. உள்ள பிள்ளைகளிடம் இது சாதாரணமாக நடப்பதுதான். "வீட்ல ஒரே சேட்டை டாக்டர்" என்று அம்மா சொல்வதை மட்டும் வைத்து அவர் முடிவுக்கு வர இயலாது.

2013-இல் வெளிவந்த டி.எஸ்.எம்.-5 அளவுகோலைப் பாருங்கள். கவனக்குறைவுக்கு 9 அறிகுறிகள். மிகை இயக்கம், அவசரப்படுதல் இரண்டுக்கும் சேர்த்து 9. ஏதாவது ஒரு பட்டியலில் குறைந்தது 6 அறிகுறிகள் ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும். சில அறிகுறிகள் 12 வயதுக்குள் தோன்றியிருக்க வேண்டும். வீடு, பள்ளி என இரண்டு சூழலிலாவது தெரிய வேண்டும். (தேர்வு எழுதுவோர் கவனிக்க: டி.எஸ்.எம்.-4-இல் இந்த வயது வரம்பு 7. இப்போது 17 வயது முதல் 5 அறிகுறிகள் போதும்.) இரத்தப் பரிசோதனையிலோ ஸ்கேனிலோ இது தெரியாது. பள்ளிச் சூழலுக்குச் சாட்சி நீங்கள்தான்.

ஆகவே செந்தூலில் ஒரு பெற்றோரை அரசாங்க கிளினிக்குக்கு அனுப்பும்போது கையோடு ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள். "கவனம் இல்லை, சேட்டைக்காரன்" என்று எழுதினால் பயனில்லை. "30 நிமிடப் பாடத்தில் 7 முறை எழுந்தான், 10 கணக்கில் 4 செய்தான், மீதியைத் தொடவில்லை, கேள்வி முடியும் முன்பே பதில் சொல்கிறான்" என்று எண்ணி எழுதுங்கள். எத்தனை மாதமாக இப்படி, எந்தப் பாடத்தில் அதிகம், எதில் நன்றாக இருக்கிறான் என்பதும் வேண்டும். நோயின் பெயரை மட்டும் எழுதாதீர்கள். அது டாக்டர் வேலை. காது, கண், தூக்கம், வாசிப்புச் சிக்கல், வீட்டுப் பிரச்சினை எல்லாவற்றையும் அவர் பார்க்க வேண்டியிருக்கிறது. சில விநாடி வெறித்துப் பார்ப்பது ஒருவகை வலிப்பாகவும் இருக்கலாம். அதைக் கண்டால் கட்டாயம் குறிப்பிடுங்கள்.

நாம் அடிக்கடி தவறவிடுவது பின்வரிசையில் அமைதியாகக் கனவு காணும் பெண் பிள்ளையை. தொந்தரவு கொடுக்காததால் யாரும் கடிதம் எழுதுவதில்லை. இவளுக்கும் ஒரு கடிதம் எழுதுங்கள்.

கிளினிக் டாக்டர் சந்தேகப்பட்டால் குழந்தை நல நிபுணரிடமோ மனநல நிபுணரிடமோ அனுப்புவார். செந்தூலுக்குப் பக்கத்திலேயே ஜாலான் பஹாங்கில் கோலாலம்பூர் மருத்துவமனை இருக்கிறது. நம் சுகாதார அமைச்சு 2020-இல் இதற்கான மருத்துவ வழிகாட்டியின் இரண்டாம் பதிப்பை வெளியிட்டது. 6 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு முதலில் பெற்றோருக்கான பயிற்சிதான், மருந்து அல்ல. பெரிய பிள்ளைகளுக்குத் தேவைப்பட்டால் மெத்தில்பெனிடேட் தருவார்கள். அது பசியைக் குறைக்கும், தூக்கத்தைக் கெடுக்கலாம். எடை, உயரம், இரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டே வருவார்கள். ஓய்வு நேரத்தில் சாப்பாட்டு டப்பா அப்படியே திரும்பிப் போகிறதா என்று நீங்கள் பாருங்கள்.

"ஓகேயு அட்டை எடுத்தா பிள்ளைக்கு முத்திரை குத்திடுவாங்களே டீச்சர்" என்று பெற்றோர் பயப்படுவார்கள். சமூகநலத் துறையில் பதிவது அவர்கள் விருப்பம். ஏ.டி.எச்.டி. என்றாலே சிறப்புக் கல்வி வகுப்பு என்றும் இல்லை. முன்வரிசை இடம், ஒரு நேரத்தில் ஒரே கட்டளை, துண்டு துண்டான வேலை இவற்றோடு பலர் சாதாரண வகுப்பிலேயே படிக்கிறார்கள்.

மருந்து தொடங்கியபின், அடுத்த சந்திப்புக்கு முன்னால் இரண்டாவது கடிதம் ஒன்று எழுதுங்கள். அதே 30 நிமிடப் பாடம், அதே 10 கணக்கு.