மன்றத்தில் வளரும் தமிழ்

தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தார் தலைநகரில் ஏழு பள்ளிகளை நடத்தி வருகின்றனர். அங்கே நம் மக்கட்குத் தமிழ் ஒரு பாடமாகக் கிடைக்கிறது. ஆயின், பாடவேளையில் கற்ற மொழி தேர்வுத் தாளோடு நின்றுவிடுதலும் உண்டு. அது நாவில் நடமாடப் பள்ளி மன்றங்களே களம்.

1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தேசிய மாணவர் படை ஒழுங்கைப் பயிற்றும். சாரணர் இயக்கம் தொண்டினைப் பழக்கும். அறிவியல் மன்றம் வினவும் துணிவைத் தரும். இவையெல்லாம் இந்தியிலோ ஆங்கிலத்திலோ நடைபெறக்கூடும். தமிழ் மன்றத்திலேதான் நம் குழந்தை தாய்மொழியில் தலைமை தாங்கி, செயலராய் அறிக்கை எழுதி, எதிரணிக்கு மறுமொழி கூறப் பழகுகிறது.

பெற்றோர் எழுதித்தர, பிள்ளை நெட்டுருப் போட்டு ஒப்பித்தால் பரிசு கிட்டலாம், மொழி கிட்டாது. பிழை மலிந்த நான்கு வரியாயினும் அது தானே எழுதட்டும். கேட்ட சொல்லை எடுத்துக் கொடுப்பதே நம் கடன். வேற்றுப் பள்ளியினின்று வந்த பிள்ளை தேவநாகரி எழுத்தில் உரையைக் குறித்துக்கொண்டு மேடையேறினும் இகழற்க. தமிழெழுத்தைக் கற்கும் ஆவல் அம்மேடையிலேயே பிறக்கும்.

மன்றம் கூடும் நாளில் பிள்ளைகளைத் தவறாது அனுப்புவோமாக.