வைத்தியச் செலவும் நமது உரிமையும்

இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்ப் பகுதிகளில் வாழும் அங்கத்தினர், தனியார் வைத்தியசாலையின் விவரமற்ற பில்லையும் அக்கறையற்ற சிகிச்சையையும் கண்டு மனம் நொந்து வாளாவிருத்தல் வேண்டா. கட்டணம் பெற்றுச் செய்யும் வைத்தியமும் நுகர்வோர் சட்டத்திற்கு உட்பட்ட சேவையே என்று உச்ச நீதிமன்றம் 1995 நவம்பர் 13-ல் தீர்ப்பளித்துள்ளது. யாவருக்கும் இலவசமாகச் சிகிச்சையளிக்கும் ஆஸ்பத்திரி இதில் அடங்காது.

முதலில், இனவாரியான பில்லையும் ரசீதையும் கேட்டுப் பெறுக. கேட்ட 72 மணி நேரத்திற்குள் சிகிச்சைக் குறிப்புகளைத் தருதல் டாக்டரின் கடமை என்பது 2002-ஆம் ஆண்டு விதி. அவையே பின்னர்ச் சாட்சியாகும்.

குறை தீராவிடில், 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். வக்கீல் கட்டாயமில்லை, செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரையெனின் மனுக் கட்டணமும் இல்லை. நோய் தீராமை மட்டுமே குற்றமன்று. கவனக்குறைவை மெய்ப்பித்தல் வேண்டும்.

நூலுக்கும் உரத்திற்கும் ரசீது பெற்றுப் பத்திரப்படுத்தும் நாம், வைத்தியத்திற்கும் அவ்வாறே செய்வோமாக.