கடைசிக் கோப்பை சொல்லும் பாடம்

1999 மே 19 அன்று, பர்மிங்காம் நகரின் வில்லா பார்க் மைதானத்தில் இத்தாலியின் லாசியோ அணி, ஸ்பெயினின் மயோர்கா அணியை 2-1 என்று வென்றது. 81-ஆவது நிமிடத்தில் நெட்வெட் அடித்ததே வெற்றி கோல். 1960-இல் தொடங்கிய ஐரோப்பியக் கோப்பை வெற்றியாளர் கோப்பைப் போட்டி, தனது 39-ஆவது பருவத்துடன் அன்று விடைபெற்றது.

லீக் பட்டத்துக்கு ஆண்டு முழுவதும் தாக்குப்பிடிக்கும் பண வலிமை தேவை. உள்நாட்டுக் கோப்பைக்கோ சில நல்ல ஆட்டங்கள் போதும். அதை வென்றவர்களுக்கான போட்டி என்பதால், 1974-இல் கிழக்கு ஜெர்மனியின் மக்டெபர்க் மிலானையும், 1983-இல் ஸ்காட்லாந்தின் அபெர்தீன் ரியல் மாட்ரிட்டையும் இறுதியாட்டத்தில் வீழ்த்த முடிந்தது.

இப்போட்டி ஏன் நின்றது? 1997 முதல் சாம்பியன்ஸ் லீக்கில் லீக் இரண்டாமிடத்தாருக்கும் இடம் கிடைத்தது. 1999 முதல் பெரிய நாடுகளிலிருந்து நான்கு அணிகள் வரை நுழைய வழி பிறந்தது. பெரிய அணிகள் அங்கே குவிந்ததும், ரசிகர்களின் கவனமும் தொலைக்காட்சிப் பணமும் பின்தொடர்ந்தன. கோப்பை வென்றவர்கள் யூஇஎஃப்ஏ கோப்பைக்கு மாற்றப்பட்டனர்.

பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில் இதைச் சந்தையின் இயல்பு என்று என்னால் விளக்க முடியும். நியாயம் என்று ஏற்க முடியவில்லை. வருவாய் பெருகியது உண்மை. ஆனால், எளியவர் நுழையும் வாசல்களில் ஒன்று அடைபட்டதன் இழப்பை எந்த வரவு செலவுக் கணக்கும் காட்டுவதில்லை.