ஐரோப்பாவின் எல்லையும் எங்கள் வீட்டு உறுதியும்

படுவான்கரையில் ஒரு கிராமத்துக்குக் காணியுரிமை பற்றிய கலந்துரையாடல் ஒன்றுக்காகப் போயிருந்தேன். பாலர் பாடசாலைக் கட்டிடத்தில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தோம். "உங்களுடைய வீட்டு உறுதி இப்போது யாருடைய கையில் இருக்கிறது?" என்று வழமைபோலக் கேட்டேன். சிலர் பெட்டியில் என்றார்கள், சிலர் வங்கியில் என்றார்கள், பலர் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு அக்கா மட்டும் சிரித்துக்கொண்டே, "என்ர உறுதி சுவிசுக்குப் போயித்து மிஸ்" என்றார்.

எல்லோரும் சிரித்தோம். கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கும்போதுதான் விடயம் தெரியவந்தது. உறுதி சுவிசுக்குப் போகவில்லை, பட்டணத்தில் வட்டிக்குக் கொடுக்கும் ஒருவரிடம் இருக்கிறது. சுவிசுக்கு என்று வெளிக்கிட்ட கணவரும் அங்கே போய்ச் சேரவில்லை. துருக்கியில் நிற்பதாக ஒருமுறை பேசியிருக்கிறார், அதன் பிறகு சத்தமில்லை. முகவரின் தொலைபேசி இலக்கம் மூன்று தடவை மாறி, இப்போது ஒன்றுமே வேலை செய்வதில்லை. "எங்கட ஆளு கடலுக்குள்ள இருக்காரா, கரையில இருக்காரா எண்டு ஆருட்டப் போய்க் கேக்கிற?" என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

ஐரோப்பிய எல்லைக் கட்டுப்பாடு என்ற சொல்லைப் பத்திரிகையில் பார்க்கும்போது அது யாரோ வெள்ளைக்காரருடைய தலையிடி என்றுதான் நம்மில் அநேகர் பக்கத்தைத் திருப்பிவிடுகிறோம். ஆனால் மட்டக்களப்பில் அந்த எல்லையின் ஒரு முனை பெண்ணின் பெயரில் உள்ள வளவில் வந்து நிற்கிறது. எமது பகுதியில் வீடும் வளவும் பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போவதுதான் வழக்கம். கலியாணம் முடித்த ஆண் மனைவியின் வீட்டுக்கு வருகிறார். அக்கரைப்பற்றில் பல ஆண்டுகள் ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். பல்கலைக்கழகத்தில் தாய்வழிக் குடிமுறை என்று இதைப் படித்தபோது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. வேலைக்கு வந்த பிறகுதான் மறுபக்கத்தைப் பார்த்தேன். கணவரோ சகோதரரோ வெளிநாடு போவதற்கு ஈடு வைக்கக்கூடிய பொருள் வீட்டில் அது ஒன்றுதான். ஆகவே கையொப்பம் வைப்பவள் பெண், பயணம் போகிறவர் ஆண்.

இந்தப் பயணத்துக்கு ஏன் இவ்வளவு பணம் வேண்டியிருக்கிறது? அதற்கு 1980களுக்குப் போக வேண்டும்.

1983 இனக்கலவரத்துக்குப் பிறகும் பிரித்தானியாவுக்குப் போக இலங்கையருக்கு முன்கூட்டிய விசா தேவைப்படவில்லை. 1985 மே மாதத்தில் அந்த நிலை மாறியது. பொதுநலவாய நாடொன்றின் பிரசைகளுக்குப் பிரித்தானியா விசாவைக் கட்டாயமாக்கியது அதுதான் முதல் தடவை. காரணம் வந்துகொண்டிருந்த தமிழர்கள். அதே காலத்தில் இன்னொரு வழியும் இருந்தது. கிழக்கு பேர்லினின் ஷோனபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, நகரப் புகையிரதத்தில் ஏறினால் மேற்கு பேர்லின். பேர்லின் நகரைப் பிரித்த கோட்டை ஒரு நாட்டு எல்லையாக மேற்கு ஏற்றுக்கொள்ளாததால் அங்கே கடவுச்சீட்டுப் பார்ப்பவர் இல்லை. 1985 நடுப்பகுதியில் மேற்கு ஜேர்மனியின் அழுத்தத்தால், அடுத்த நாட்டு விசா இல்லாத தமிழர்களைக் கடந்துபோக விடுவதில்லை என்று கிழக்கு ஜேர்மனி இணங்கியது.

1986 ஓகஸ்டில் கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர்கள் தத்தளித்துக்கொண்டிருந்ததை மீனவர் ஒருவர் கண்டு காப்பாற்றினார். அவர்கள் இந்தியாவிலிருந்து வந்ததாகச் சொன்னார்கள், உண்மையில் மேற்கு ஜேர்மனியிலிருந்து கப்பலேறியவர்கள். பொய் சொன்னார்கள் என்று அப்போது பெரிய சத்தம் எழுந்தது. திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயத்தில் இருக்கிற ஒருவர் வேறு என்ன சொல்வார்?

1987 பெப்ரவரியில் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் நடந்தது அதைவிட முக்கியமானது. அகதி அந்தஸ்துக் கேட்டு வந்திறங்கிய ஐம்பதுக்கும் மேற்பட்ட தமிழர்களைத் திரும்ப விமானத்தில் ஏற்ற முயன்றபோது, அவர்கள் உடைகளைக் களைந்து உள்ளாடையுடன் ஓடுபாதைப் பக்கம் நின்று எதிர்ப்புத் தெரிவித்தார்கள். நீதிமன்றம் தலையிட்டு அந்த விமானத்தை நிறுத்தியது. மானத்தை உயிருக்கு மேலாக நினைக்கிற ஊரிலிருந்து போனவர்கள் அப்படிச் செய்தார்கள் என்றால் திரும்பி வருவதற்கு எவ்வளவு பயந்திருப்பார்கள் என்று யோசித்துப் பார்க்கலாம். அதே ஆண்டு பிரித்தானியா ஒரு சட்டம் கொண்டுவந்தது: விசா இல்லாத ஒருவரை ஏற்றி வரும் விமான நிறுவனம் ஆளுக்கு 1000 பவுண் தண்டம் கட்ட வேண்டும்.

எனது அபிப்பிராயத்தில் எல்லாம் மாறியது இந்த இடத்தில்தான். எல்லை அதுவரை லண்டனில் இருந்தது. அதன் பிறகு அது கட்டுநாயக்காவில், பயணச்சீட்டுப் பார்க்கும் பிள்ளையின் மேசைக்கு வந்துவிட்டது. அகதி அந்தஸ்துக் கேட்க வேண்டுமானால் அந்த நாட்டு மண்ணில் கால் வைக்க வேண்டும், கால் வைக்க விசா வேண்டும், அகதியாகப் போவதற்கென்று விசா யாரும் கொடுப்பதில்லை. இந்த இடைவெளியில்தான் முகவர் வந்து உட்கார்ந்தார். எல்லை இறுகும் ஒவ்வொரு தடவையும் அவருடைய கூலி ஏறுகிறது, கூலி ஏறும் ஒவ்வொரு தடவையும் எங்களுடைய பெண்கள் ஈடு வைப்பதும் கூடுகிறது.

முகவர்களை நான் நியாயப்படுத்தவில்லை. 1996 நத்தார் இரவில் மோல்ற்றாவுக்கும் சிசிலிக்கும் இடையில் ஒரு பெரிய கப்பலிலிருந்து நூற்றுக்கணக்கானோரைச் சிறிய படகொன்றுக்குள் அடைத்தவர்களும் இந்தத் தொழில் செய்தவர்கள்தான். படகு மூழ்கிக் குறைந்தது 283 பேர் இறந்தார்கள். இந்தியர், பாகிஸ்தானியர், இலங்கைத் தமிழர். கப்பலில் தப்பி கிரேக்கத்தில் இறக்கிவிடப்பட்டவர்கள் சொன்னதை அதிகாரிகள் நம்பவில்லை. இத்தாலியின் போர்ட்டோபாலோ என்ற ஊர் மீனவர்களுடைய வலையில் சடலங்கள் வந்தன. பொலிசாருக்கு அறிவித்தால் விசாரணையென்று தொழில் நாட்கள் கெட்டுவிடும் என்று அவர்கள் அவற்றைத் திரும்பக் கடலுக்குள் போட்டார்கள். பிறகு ஒரு மீனவரின் வலையில் இலங்கை அடையாள அட்டையொன்று வந்தது. பதினேழு வயதுத் தமிழ்ப் பையனுடையது. அந்த மீனவர் பேசியதால் 2001இல் இத்தாலியப் பத்திரிகையொன்று கடலடியில் படகைக் கண்டுபிடித்துப் படமெடுத்தது. நாலரை வருடங்களாக நடக்கவே இல்லை என்று சொல்லப்பட்ட விபத்து அது.

வாவியில் தொழில் செய்யும் குடும்பங்களிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அந்த மீனவர்கள் மேல் கோபப்படுவார்கள் என்று நினைத்தேன். "நாலு நாள் வள்ளம் போகாட்டி வீட்டில என்ன நடக்கும் எண்டு நமக்குத் தெரியுந்தானே" என்றார் ஒரு பெரியம்மா. சற்றுப் பொறுத்து, "எண்டாலும் அந்தப் புள்ளைக்கு ஒரு தாய் இருந்திருப்பா" என்றார்.

அதற்குப் பிறகு ஐரோப்பா இன்னும் இறுகியது. முதலில் கால் வைத்த நாட்டிலேயே விண்ணப்பிக்க வேண்டும் என்ற டப்ளின் உடன்படிக்கை 1990இல் கைச்சாத்தாகி 1997இல் நடைமுறைக்கு வந்தது. 2003 முதல் விண்ணப்பதாரரின் கைரேகைகள் பொதுக் கணினியில் பதியப்பட்டன. எல்லையைக் காவல் செய்வதற்கென்றே புரொண்டெக்ஸ் என்ற முகவரகம் 2004இல் உருவாக்கப்பட்டது. அதே 2004 யூனில் இலங்கையும் ஐரோப்பிய ஒன்றியத்துடன் மீளேற்பு உடன்படிக்கையில் கைச்சாத்திட்டது. அனுமதியின்றித் தங்கியிருக்கும் இலங்கையரைத் திரும்பப் பெற்றுக்கொள்வோம் என்பதே அதன் சாரம். இதை எங்களிடம் யாரும் சொன்னதாக ஞாபகமில்லை. 2024இல் ஒன்றியம் ஏற்றுக்கொண்ட புதிய சட்டத் தொகுதி எல்லையிலேயே விரைவாக விசாரித்துத் திருப்பி அனுப்பும் முறைக்கு அதிக இடம் கொடுக்கிறது.

ஐரோப்பாவில் நடக்கும் விவாதத்தில் இரண்டு பக்கமும் உண்டு. எங்களுடைய வீடமைப்பும் பாடசாலையும் தாங்காது, உண்மையான அகதிகள் வரட்டும், பிழைக்க வருபவர்கள் எதற்கு என்று அங்குள்ள சாதாரண மக்கள் கேட்கிறார்கள். அதை இனவாதம் என்று ஒரே சொல்லில் தள்ளிவிட எனக்கு மனமில்லை. எங்களுடைய ஊரிலும் 2004 சுனாமிக்குப் பிறகு இடம்பெயர்ந்தவர்களுக்குக் காணி கொடுக்கும்போது இதே பேச்சைக் கேட்டோம். ஆனால் அரசியல் காரணம், பொருளாதாரக் காரணம் என்று அவர்கள் பிரிக்கும் கோடு எங்களுடைய வீடுகளில் பிடிபடுவதில்லை. தடுப்பிலிருந்து வந்த ஒருவர், வீட்டுக்கு அடிக்கடி விசாரணைக்கு ஆள் வருவதால் யாரும் வேலை கொடுக்காமல், மனைவியின் நகையை அடகு வைத்துச் சாப்பிடுகிறார். அவர் வெளிக்கிட்டால் அது எந்தக் காரணம்?

நீதிமன்றங்களும் இதில் தடுமாறியிருக்கின்றன. 1988 பெப்ரவரியில் பிரித்தானியா திருப்பி அனுப்பிய ஐந்து தமிழ் இளைஞர்களின் வழக்கில் (வில்வராஜா வழக்கு), அவர்களில் சிலர் இங்கே வந்து துன்புறுத்தப்பட்டிருந்தும், ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் உரிமை மீறல் இல்லை என்றது. திருப்பி அனுப்பிய நேரத்தில் தெரிந்திருந்த நிலைமையை வைத்துத்தான் பார்த்தார்கள். தீர்ப்பு வந்தது 1991 ஒக்ரோபர் 30. அதற்கு நாலரை மாதங்களுக்கு முன்னர்தான், யூன் 12இல், கொக்கட்டிச்சோலைப் படுகொலை நடந்தது. அதற்கு முதல் வருடம் செப்ரெம்பரில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் தஞ்சமடைந்திருந்த 158 பேர் கொண்டுசெல்லப்பட்டுக் காணாமற்போனார்கள். நான் நான்கு வருடம் விரிவுரைக்குப் போய்வந்த அதே வளாகம். ஸ்ட்ராஸ்பேர்க்கில் நீதிபதிகளுக்கு வாவிக்கரை எங்கே தெரியப்போகிறது என்று அப்போது எமது ஊரில் யாராவது சொல்லியிருந்தால் அதில் பிழை காண முடியாது.

பிறகு மாற்றமும் வந்தது. 2008 யூலையில் ஒரு தமிழரைப் பிரித்தானியா திருப்பி அனுப்பினால் அது சித்திரவதைத் தடைக்கு முரணாகும் என்று அதே நீதிமன்றம் சொன்னது. 2013இல் சுவிற்சர்லாந்து திருப்பி அனுப்பியவர்கள் இங்கே கைது செய்யப்பட்டபோது, அந்நாடு சில காலம் நாடு கடத்தல்களை நிறுத்தி வைத்தது. அவர்களில் ஒருவரின் வழக்கில் 2017 சனவரியில் சுவிற்சர்லாந்து உரிமையை மீறியது என்று தீர்ப்பு வந்தது. தீர்ப்பு வருவதற்குள் அவர் சிறையிலிருந்த காலம் போனது போனதுதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மனித உரிமை நிலைமை சரியில்லை என்று ஐரோப்பிய ஒன்றியம் 2010 ஓகஸ்டில் ஜீஎஸ்பி பிளஸ் சலுகையை நிறுத்தியது. ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களுக்கு அது பெரிய கலக்கத்தைக் கொடுத்தது. 2011இல், ஒன்றியத்தில் அப்போது உறுப்பு நாடாக இருந்த பிரித்தானியா, மறுக்கப்பட்ட தமிழர்களை விசேட விமானங்களில் ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்தது. சட்டை வாங்கும்போது பாதுகாப்பில்லாத நாடு, ஆளை அனுப்பும்போது பாதுகாப்பான நாடு. (சலுகை 2017இல் திரும்பக் கிடைத்தது.)

இப்போது அந்த எல்லை எங்களுடைய சமுத்திரத்துக்குள்ளேயே இருக்கிறது. இந்து சமுத்திரத்தில் உள்ள ரியூனியன் தீவு பிரான்சின் ஒரு பகுதி. 2018 முதல் இலங்கையிலிருந்து மீன்பிடிப் படகுகள் அங்கே போயிருக்கின்றன, பெரும்பாலானோர் திருப்பி அனுப்பப்பட்டனர். 2021 ஒக்ரோபரில் 89 தமிழர்களுடன் பழுதடைந்த படகொன்று பிரித்தானியாவின் கீழுள்ள டியேகோ கார்சியாவில் சேர்ந்தது. அங்கே கூடாரங்களில், பிள்ளைகளுடன், மூன்று வருடங்கள். 2024 டிசம்பரில் அநேகர் பிரித்தானியாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். அவர்களை வைத்திருந்தது சட்டவிரோதத் தடுப்பு என்று அப்பிரதேசத்தின் நீதிமன்றமே அதே மாதம் தீர்ப்பளித்தது.

திரும்பி வருகிறவர்களுக்கும் கதை முடிவதில்லை. அனுமதியின்றி நாட்டைவிட்டு வெளியேறியது 1948ஆம் ஆண்டின் குடிவரவு குடியகல்வுச் சட்டப்படி குற்றம். நீதிமன்றம், பிணை, தண்டம் எல்லாவற்றுக்கும் ஓடுவது மனைவிதான், அதற்கும் கடன் அவள்தான் வாங்குகிறாள். அந்தக் கடனை அடைக்க அவளுக்குத் திறந்திருக்கும் எல்லை மத்திய கிழக்கு. அங்கேயும் 2013இல் குடும்பப் பின்னணி அறிக்கை என்று கொண்டுவந்து, ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள தாயை மறித்தார்கள். பின்னர் அது தளர்த்தப்பட்டது. கணவர் போகும்போது யாரும் குடும்பப் பின்னணி கேட்டதில்லை.

சகோதரிகளே, வீட்டில் இப்படியொரு பயணப் பேச்சு நடந்தால் சிலவற்றையாவது செய்யுங்கள். ஈடு என்று சொல்லி விற்பனை உறுதியில் கையொப்பம் வாங்குகிறார்கள். தவணை தப்பினால் வளவு அவருடையது. நொத்தாரிசு வாசித்துக் காட்டும்வரை பேனாவைத் தொடாதீர்கள், பிரதியைக் கேட்டு வாங்குங்கள். அரச அனுமதிப்பத்திரக் காணியைத் தனியாருக்கு ஈடு வைக்கச் சட்டத்தில் இடமில்லை. சந்தேகமிருந்தால் சட்ட உதவி ஆணைக்குழுவின் மட்டக்களப்பு அலுவலகத்தில் கேட்கலாம். போகிறவரின் கடவுச்சீட்டுப் பிரதி, முகவருக்குக் கொடுத்த ஒவ்வொரு தொகையும் திகதியும், தொலைபேசி இலக்கங்கள் எல்லாவற்றையும் உங்களுடைய கையால் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். தொடர்பு அறுந்தால் இலங்கை செஞ்சிலுவைச் சங்கத்தின் குடும்பத் தொடர்புச் சேவையிடம் அந்தக் கொப்பியுடன் போகலாம். சிரித்துக்கொண்டு பதில் சொன்ன அக்காவிடம் கணவரின் கடவுச்சீட்டு இலக்கம்கூட இருக்கவில்லை. பிறகு கிராம உத்தியோகத்தர் மூலம் தேடி எடுத்துக் கொடுத்திருக்கிறோம், பதில் இன்னும் வரவில்லை.

போன கிழமை அவரைப் பார்க்கப் போனபோது தங்கை வந்திருந்தாள். பத்தொன்பது வயது. தாய் அவளுக்கென்று எழுதிவைத்த பக்கத்து வளவின் உறுதியை ஈடு வைத்து அண்ணனை இத்தாலிக்கு அனுப்புவது பற்றிப் பேச்சு நடக்கிறது. அண்ணன் நல்லவன், இங்கே அவனுக்கு வேலையுமில்லை. "மாட்டன் எண்டு சொன்னா நான் அண்ணனைக் கெடுத்தவ எண்டு வரும். ஓமெண்டு சொன்னா அக்காட நிலைதான். நீங்க என்ன சொல்லுறீங்க மிஸ்?" என்று கேட்டாள். கையொப்பம் உன்னுடையது, யோசிக்க ஒரு மாதம் கேள் என்றேன். அம்மாவிடம் இரண்டு கிழமை தவணை வாங்கியிருக்கிறாள்.